மாமனாரும் நானும் ஒரு பழைய பிஸ்டலும்: நீலகிரி நாட்குறிப்பு

ஜூலை 18, வெள்ளி. மேட்டுப்பாளையம் – குன்னூர்

மலை ரயில் டிக்கெட் கடைசிவரை வெயிட்டிங் லிஸ்ட்டிலேயே நின்றுவிட்டது. மாமாவுக்கு ஏகக் கடுப்பு. "பட்டாளத்துல இருந்தப்ப வாரண்ட் பாஸ்லயே இந்த வண்டில போயிருக்கேன். இப்ப காசு குடுத்தாலும் இடமில்லைங்கறான்" என்று ஸ்டேஷன் வாசலில் பழம் விற்கிற அம்மாவிடம் முறையிட்டார். அந்த அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பஸ்ஸுக்குப் போங்க ஐயா, மழை வலுக்குது" என்றார்.

மாமா என்பது என் மாமனார். ராணுவத்தில் ஆயுதம், வண்டி பழுது பார்க்கும் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரர், அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவர். மெட்ராஸ் ரெஜிமென்ட் பட்டாலியன் ஒன்றோடு பல வருஷம் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்றார். நான் கோவையில் ஒரு மெழுகு வார்ப்பு (மெழுகில் உருவம் செய்து அச்செடுத்து உலோகம் ஊற்றுவது) ஃபவுண்டரியில் மெட்டலர்ஜி பார்க்கிறேன். வால்வு, பம்ப் இம்பெல்லர் எல்லாம் ஸ்டெயின்லெஸ்ஸில் வார்ப்போம். வீட்டில் நாங்கள் இருவரும் இரும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார். இந்தப் பயணத்துக்கும் அவர் வரவில்லை.

போகிற காரணம் கொஞ்சம் விநோதம். கோத்தகிரிப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர், தன் வீட்டில் லைசென்ஸோடு இருக்கும் பழைய பிஸ்டல் ஒன்றைப் பற்றி யோசனை கேட்க வேண்டும் என்று மாமாவின் அருவங்காட்டு நண்பர் மூலம் சொல்லியனுப்பியிருந்தார். "ஸ்டெயின்லெஸ் தெரிஞ்ச ஆள் கூட வந்தா நல்லது" என்றும் சொல்லியிருந்தார். எதற்கு ஸ்டெயின்லெஸ் என்று அப்போது புரியவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் ஷட்டர் பாதியோடு சிக்கிக்கொண்டது. மேலே ஏற முடியாது, கீழே இறங்கவும் முடியாது. இடைவெளி வழியே சாரல் நேராக என் மடியில். முன் சீட்டில் ஒரு குழந்தை மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே ஆரம்பித்துவிட்டது. அதன் அம்மாவுக்குப் பின்னால் இருந்த பாட்டி எலுமிச்சம்பழத்தை நீட்டி, "மோந்து பாரு சாமி" என்றார். பிறகு அதே பழம் பஸ் முழுக்க ஒரு சுற்று வந்து மாமாவிடமும் வந்தது. அவர் கௌரவமாக மோந்துவிட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார்.

பர்லியாரில் வண்டி நின்றது. மங்குஸ்தான் சீசன். கிலோ 350 சொன்னார்கள், பேரம் பேசி 300-க்கு வாங்கினோம். தோலின் கறை விரலில் ஒட்டி சாயங்காலம் வரை போகவில்லை.

குன்னூரில் இறங்கியதும் மாமா ரூமுக்குப் போகவில்லை, நேராக ரயில் ஷெட் பக்கம் போனார். ஒரு எக்ஸ் கிளாஸ் எஞ்சின் மழையில் ஆவி விட்டுக்கொண்டு நின்றது. "பழசா, புதுசா?" என்று வேலியோரம் நின்ற ஊழியரிடம் கேட்டார். "புதுசுங்க, பொன்மலை வண்டி." ஸ்விட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்த பழைய எஞ்சின்களின் அதே உருவத்தை திருச்சி பொன்மலைப் பணிமனை 2011-லிருந்து புதிதாகக் கட்டுகிறது. முதலில் வந்தவை கரிக்குப் பதில் எண்ணெயில் ஓடுபவை. உருவம் அதேதான், ஆனால் எரிபொருள் மாறியதால் நெருப்பு எரிகிற இடத்தில் எல்லாவற்றையும் மாற்றி யோசிக்க வேண்டியிருந்திருக்கும். எனக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. மாமா, "சத்தம் வேற மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

ரூம் வாடகை 1,800. சுவரெல்லாம் ஈரம். போர்வையை உதறினால் பாசி வாசனை. கீழே ஒரு சின்ன மெஸ்ஸில் சப்பாத்தி, குருமா, ஆளுக்கு 70 ரூபாய். குருமாவில் மலை பீன்ஸும் கேரட்டும் கூழாகாமல் முழுசாக இருந்தன.

ஜூலை 19, சனி. வெலிங்டன், அருவங்காடு

காலையில் வெலிங்டன் பேரக்ஸ் வரை நடந்தோம். உள்ளே போக முன்கூட்டி அனுமதி வேண்டும், அதனால் வெளியே நின்றே மாமா ஒவ்வொரு கட்டடமாகக் கை காட்டினார். மெட்ராஸ் ரெஜிமென்டின் சென்டர் இங்கேதான். 1758-ல் தொடங்கிய படைப்பிரிவு. அந்த வருஷத்தை மாமா சொல்கிற விதத்தைப் பார்த்தால், அவரே நேரில் போய்ச் சேர்ந்தது போல இருக்கும். சென்ட்ரி நின்ற பையன் இவரைப் பார்த்துச் சிரித்துவிட்டான். நிற்கிற விதத்திலேயே தெரிந்துவிடுமாம்.

அருவங்காட்டில் நண்பர் வீடு. கார்டைட் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நூறு வருஷத்துக்கு மேலாக இங்கே வெடிமருந்துதான் செய்கிறார்கள், துப்பாக்கி இல்லை. இப்போது அது முனிஷன்ஸ் இந்தியா நிறுவனத்தின் கீழ் வருகிறது. 2021-ல் பழைய ஆர்டனன்ஸ் போர்டை ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. "நாங்க மருந்து, அவங்க குழல். சொந்தக்காரங்களா இருந்தோம், இப்ப பங்காளிங்க" என்றார் அவர்.

அவர் மனைவி படகர் சமையல் செய்திருந்தார். அவரை உதக்காவும் ராகிக் களியும். அவரைப் பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்ந்த குழம்பு, மிளகாய்த்தூள் வாசனை தூக்கல். குளிருக்கு அது இறங்குகிற இறக்கம் இருக்கிறதே! "இன்னும் கொஞ்சம் போடறேன் கண்ணு" என்று கேட்காமலேயே போட்டுவிட்டார். களியை விழுங்க வேண்டும், மெல்லக் கூடாது என்று எனக்குத் தெரியாது என நினைத்து அதையும் சொல்லிக்கொடுத்தார். நான் கொங்குக்காரி என்பதை மாமா எடுத்துச் சொன்ன பிறகுதான் விட்டார்.

சாப்பாட்டுக்கு அப்புறம் பேச்சு பிஸ்டலுக்கு வந்தது. மாமா கையில் அதிகம் புழங்கியது "ஒன்-ஏ" என்று ராணுவத்தில் சொல்லும் 9 மி.மீ. பிஸ்டல். அடிப்படையில் அது பிரவுனிங் ஹை-பவர். ஜான் பிரவுனிங் தொடங்கி, 1926-ல் அவர் இறந்த பிறகு பெல்ஜியத்தின் எஃப்.என். கம்பெனியில் தியூதோனே சைவ் முடித்து, 1935-ல் வெளிவந்தது. நம் ஊரில் இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியில் செய்தார்கள்.

"அதையும் இப்ப ஸ்டெயின்லெஸ்ல செய்றாங்க மாமா" என்றேன்.

"யாரு?"

"எஃப்.என். கம்பெனியேதான். 2018-ல பழசை நிறுத்திட்டு, 2022-ல புதுசா ஒண்ணு விட்டாங்க. கறுப்பு இருக்கு, ஸ்டெயின்லெஸ் இருக்கு. ஆனா பழைய பார்ட்ஸ் எதுவும் அதுல சேராது. மேகஸின்கூட சேராது. பழசுல 13 தோட்டா, இதுல 17."

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. "பார்ட்ஸ் சேராதுன்னா அது எப்படி அதே துப்பாக்கி?" என்றார். நண்பர் சிரித்தார். நான் யோசித்தேன். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. பழைய வரைபடத்தை அப்படியே வைத்துக்கொண்டு இரும்பை மட்டும் ஸ்டெயின்லெஸ்ஸாக மாற்றுவது. துப்பாக்கி உலகம் முதலில் செய்தது அதைத்தான்.

அங்கே வாங்கிய அடிகள் எனக்கு நன்றாகப் புரியும். எங்கள் ஃபவுண்டரியிலேயே ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் அதே ரக ஸ்டெயின்லெஸ் நட்டை மாட்டி வேகமாக முறுக்கினால் பாதியில் கடித்துக்கொள்ளும். முன்னாலும் போகாது, பின்னாலும் வராது. ரம்பம் வைத்து அறுக்க வேண்டியதுதான். மேற்பரப்பில் இருக்கும் மெல்லிய ஆக்ஸைடு படலம் தேய்ந்து போனதும், இரண்டு பக்க உலோகமும் நேருக்கு நேர் ஒட்டிப் பிய்ந்து, பிய்ந்த துணுக்கு இன்னும் ஆழமாகக் கீறிக்கொண்டே போகும். ஆட்டோமேட்டிக் பிஸ்டலில் மேலே இருக்கும் ஸ்லைடு கீழே இருக்கும் ஃபிரேமின் தண்டவாளத்தில் ஒவ்வொரு சுடுதலுக்கும் முன்னும் பின்னும் ஓடுகிறது. இரண்டும் ஒரே ரக ஸ்டெயின்லெஸ், ஒரே கடினம் என்றால் என்ன ஆகும்? போல்ட்டுக்கும் நட்டுக்கும் ஆனதுதான். 1977-ல் கலிபோர்னியாவில் ஏ.எம்.டி. என்ற கம்பெனி, 1911 மாடல் கோல்ட் பிஸ்டலை முழுக்க ஸ்டெயின்லெஸ்ஸில் "ஹார்ட்பாலர்" என்று கொண்டுவந்தது. அந்த ரகத்தில் அதுதான் முதல். அந்தக் காலத்து ஸ்டெயின்லெஸ் பிஸ்டல்களுக்கு இந்தக் கடிக்கும் வியாதி பேர்போனது. பிறகுதான் ஸ்லைடுக்கு ஒரு ரகம், ஃபிரேமுக்கு வேறு ரகம், அல்லது ஒரே ரகமானாலும் வேறு வேறு கடினம் என்று வழிக்கு வந்தார்கள்.

ரிவால்வரில் இந்தச் சிக்கல் குறைவு. அதனால்தான் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 1965-லேயே மாடல் 60 என்று ஸ்டெயின்லெஸ் ரிவால்வரைக் கொண்டுவர முடிந்தது. ஸ்லைடு இல்லை, தண்டவாளம் இல்லை, உருளை சுற்றினால் போதும்.

"நம்ம நாட்டுலயும் பழசைப் புதுசா செய்றாங்க" என்றார் நண்பர். 2020-ல் உத்தரப் பிரதேசத்தின் சண்டிலாவில் வெப்லி .32 ரிவால்வர் செய்யத் தொடங்கிய சேதியைத்தான் சொன்னார். மாமாவுக்கு வெப்லி என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அதற்கு அப்புறம் ஒரு மணி நேரம் எனக்கு அங்கே வேலையில்லை. மொட்டை மாடியில் நின்று ஃபேக்டரி சைரன் கேட்டுக்கொண்டு மங்குஸ்தான் தின்றேன்.

ஜூலை 20, ஞாயிறு. கோத்தகிரி

இன்று பனிமூட்டம் பஸ்ஸின் வைப்பரைத் தாண்டி உள்ளேயே வந்துவிட்டது போல இருந்தது. கோத்தகிரி பஸ் ஸ்டாண்டில் டீ 15, வர்க்கி ஒன்று 5. வர்க்கியை டீயில் முக்காமல் தின்ற என்னைப் பக்கத்து ஆள் ஒரு மாதிரிப் பார்த்தார்.

பெரியவர் ஜீப் அனுப்பியிருந்தார். ஓட்டிவந்த பையன் வழி முழுக்க பச்சைத் தேயிலை விலையைத் திட்டிக்கொண்டு வந்தான். அவன் வீட்டிலும் ஒரு ஏக்கர் இருக்கிறதாம். பறிக்கிற கூலிக்கே சரியாகிவிடுகிறது என்றான்.

பெரியவருக்கு எண்பதைத் தொடுகிற வயது. கம்பளித் தொப்பி, மேலே கோட்டு, கீழே வேட்டி. "வாங்க ஹவில்தார் சாப்" என்று மாமாவைக் கட்டிக்கொண்டார், முன்பின் பார்த்ததில்லை என்றாலும். அவர் மனைவி எனக்கு நேராக அடுப்படிக்கு வழி காட்டினார். அங்கேதான் சூடு என்பதால் நானும் மறுப்பு சொல்லவில்லை.

பிஸ்டலை அவரே பீரோவிலிருந்து எடுத்துவந்தார். தோல் உறையோடு. மாமா வாங்கி, முதலில் மேகஸினைக் கழற்றி, ஸ்லைடைப் பின்னால் இழுத்து, தோட்டா உட்காரும் சேம்பர் காலி என்று விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். ஸ்லைடின் இடது பக்கம் "வால்தர்", அப்புறம் "ஸெல்லா-மேலிஸ்" என்ற ஊர்ப்பெயர். பி.பி.கே., 7.65 மி.மீ., நம் லைசென்ஸ் கணக்கில் .32. போருக்கு முந்தைய ஜெர்மன் வேலை. 1929-ல் பி.பி. வந்தது, 1931-ல் அதைச் சுருக்கி பி.பி.கே. வந்தது. பெரியவரின் அப்பா, 1947-ல் ஊருக்குத் திரும்பிய ஒரு துரையிடம் இதை வாங்கினாராம்.

நான் கையில் வாங்கிப் பார்த்தேன். அந்தக் கால ப்ளூயிங்கின் (துருவைத் தடுக்க இரும்பில் ஏற்றும் ரசாயன மெருகு) கருநீலம், விசையைச் சுற்றிய ட்ரிகர் கார்டின் உள்பக்கம் மட்டும் அப்படியே இருந்தது. மற்ற இடமெல்லாம் காப்பிக் கலர். வலது பக்கம், உறை அழுத்திக்கொண்டிருந்த இடத்தில், கடுகு அளவில் குழிகள். பிடியின் பழுப்பு பிளாஸ்டிக்கில் திருகுப் பக்கமாக ஒரு விரிசல். மாமா பிடியைக் கழற்றினார். உள்ளே நிலைமை இன்னும் மோசம். செம்மண் மாதிரித் துரு, தொட்டால் விரலில் வந்தது.

"தோல் உறையிலயே வெச்சிருந்தீங்களாங்க?" என்றார் மாமா.

"வேற எங்க வெப்பாங்க?"

"உறை எடுத்துட்டுப் போறதுக்கு. வெக்கறதுக்கு இல்லைங்க." பதனிட்ட தோலில் இருக்கும் உப்பும் அமிலமும் ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே வைத்திருக்கும். இந்த மலைக் காற்றில் கேட்கவே வேண்டாம். அது போதாதென்று, தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். போன தடவை திரும்பி வந்தபோது உறையில் பூஞ்சை பூத்திருந்ததாம். "குடுத்தப்ப எண்ணெய் போட்டுத்தான் குடுத்தேன்" என்றார் பெரியவர், யாரோ குற்றம் சொன்னது போல.

அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். அமெரிக்காவில் இருக்கும் பேரன் ஒரு போட்டோ அனுப்பியிருக்கிறான். அங்கே ஒரு கடையில் இதே பிஸ்டல், வெள்ளி மாதிரி, ஸ்டெயின்லெஸ்ஸில். பெரியவர் போனை என்னிடம் நீட்டினார். "நீங்க ஸ்டெயின்லெஸ் வார்க்கறவங்களாமே அம்மா. இதை அச்சா வெச்சு, அப்படியே ஒண்ணு ஊத்தித் தர முடியாதா? ஃபிரேம் மட்டும் போதும்."

மாமாவின் டீ டம்ளர் வாய்க்குப் போகிற வழியிலேயே நின்றது.

"ஐயா, அது ஜெயில்" என்றேன். வேறு எப்படிச் சொல்வது? 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி செய்யவே கூடாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைந்தது ஏழு வருஷம், ஆயுள் வரை போகலாம். பெரியவர் சிரித்துவிட்டார். "எனக்கு ஏழு வருஷம் குடுத்தா அது ஆயுள்தான்" என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. "முதல்லயே சொன்னேன்" என்று படகர் மொழியில் ஏதோ சேர்த்துச் சொன்னார். எனக்குப் புரியவில்லை, பெரியவருக்கு நன்றாகப் புரிந்தது.

போட்டோவில் இருந்தது பி.பி.கே./எஸ். அதன் கதை சுவாரஸ்யமானது. 1968-ல் அமெரிக்கா கொண்டுவந்த துப்பாக்கிச் சட்டம் இறக்குமதிக் கைத்துப்பாக்கிக்கு ஒரு குறைந்தபட்ச உயரம் வைத்தது. பி.பி.கே. அதற்குக் கொஞ்சம் குள்ளம். வால்தர்காரர்கள் பெரிய பி.பி.யின் ஃபிரேமின் மேல் பி.பி.கே.யின் ஸ்லைடை மாட்டி உயரத்தைச் சரிக்கட்டினார்கள். அதுதான் பி.பி.கே./எஸ். அந்தச் சட்டம் இறக்குமதிக்குத்தானே? 1978-லிருந்து இன்டர்ஆர்ம்ஸ் என்ற கம்பெனி அமெரிக்காவிலேயே செய்ய ஆரம்பித்தது, 80-களில் ஸ்டெயின்லெஸ்ஸிலும் வந்தது. 2002-க்கு அப்புறம் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் மெய்ன் மாநிலத்தில் செய்தது. அதில் ஃபிரேமின் பின்பக்க வாலை நீட்டினார்கள், ஏனென்றால் பழைய உருவத்தில் பெரிய கைக்காரர்களின் கட்டை விரல் இடுக்கை ஸ்லைடு கடித்துவிடும். இப்போது வால்தரே ஆர்கன்சாஸில் செய்கிறது. ஆக ஜெர்மன் பிஸ்டலின் பளபள வடிவம் பெரும்பாலும் அமெரிக்கச் சரக்கு. ஒரு சட்டத்தால் பிறந்தது.

எனக்கு இந்த ஸ்டெயின்லெஸ் பி.பி.கே. மேல் மரியாதை உண்டு. சட்டைக்கு உள்ளே, வியர்வையோடு ஒட்டி வைத்துக்கொள்ளும் துப்பாக்கி அது. உப்புத் தண்ணீர் நாள் முழுக்க படுகிற பொருளை துருப்பிடிக்காத இரும்பில் செய்வதில் அர்த்தம் இருக்கிறது.

ஆனால் பெரியவர் இன்னும் விடவில்லை. "துருவே பிடிக்காதில்ல?" என்றார்.

அடுப்படியில் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு காந்தம் இருந்தது, ஏதோ கோயில் படம் போட்டது. அதை எடுத்து வந்து அவர் கையில் இருந்த டீ டம்ளரில் வைத்தேன். ஒட்டவில்லை. விளிம்பு மடித்த இடத்தில் மட்டும் லேசாக இழுத்தது. பிறகு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கத்தியில் வைத்தேன். டப்பென்று ஒட்டிக்கொண்டது. இரண்டும் ஸ்டெயின்லெஸ்தான். நல்ல டம்ளரில் குரோமியம் 18 சதவீதமும் நிக்கல் 8 சதவீதமும் இருக்கும். துருப்பிடிக்காது, ஆனால் சூடாக்கி எண்ணெயில் முக்கினாலும் இறுகாது. கத்தியில் குரோமியம் 13-ஐ ஒட்டி இருக்கும், கூடவே கார்பன். அதைச் சூடாக்கி இறுக்கலாம், கூர் நிற்கும். துப்பாக்கிக் குழலுக்கும் ஸ்லைடுக்கும் வேண்டியது கத்தி ஜாதி. 410, 416 என்று எண்கள் போட்ட ரகங்கள். 416-ல் கந்தகம் சேர்ப்பார்கள், லேத்தில் சுலபமாக வெட்ட வேண்டும் என்பதற்காக. அதுவே துருவை இன்னும் கொஞ்சம் கூப்பிடும்.

"இங்க பாருங்க" என்று கத்தியின் பிடிக்குப் பக்கத்தில் காட்டினேன். மிளகு அளவில் நாலைந்து பழுப்புப் புள்ளிகள். "இதுவும் ஸ்டெயின்லெஸ்தான், ஐயா."

பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கத்தியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு மனைவியிடம், "இதை எப்ப வாங்கினோம்?" என்றார்.

வேடிக்கை என்னவென்றால் இந்தக் கத்தி ஜாதியே துப்பாக்கியிலிருந்து வந்ததுதான். 1913-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி, ரைஃபிள் குழல் உள்பக்கம் சீக்கிரம் அரித்துப்போகாத ஒரு இரும்பைத் தேடிக்கொண்டிருந்தார். 12.8 சதவீதம் குரோமியம் போட்டு உருக்கினார். அவர் கவனித்தது, அந்த இரும்பை அமிலம் சரியாகத் தின்னவில்லை என்பதை. குழலை விட்டுவிட்டு அது கத்தி, முள்கரண்டிக்குப் போனது. துப்பாக்கிக்குத் திரும்பி வர அரை நூற்றாண்டு ஆயிற்று.

மத்தியானச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்லி வற்புறுத்தினார்கள். கோழிக் குழம்பு, சாதம், பட்டர் ஃப்ரூட்டில் சர்க்கரை போட்டுப் பிசைந்தது. கடைசியாகச் சொன்னது எனக்கு இரண்டாம் தடவை வேண்டியிருந்தது.

கிளம்பும்போது மாமா தன் தீர்ப்பைச் சொன்னார். பாலிஷ் போடக் கூடாது, மறுபடி ப்ளூயிங் கூடாது, குழியைத் தேய்த்தால் ஸ்லைடில் இருக்கும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். உறையைத் தனியாக மாட்டி வைக்க வேண்டும். வயது எழுபதைத் தாண்டியவர் குடும்பத்தில் ஒருவர் பேருக்கு லைசென்ஸை மாற்ற 2016 விதிகளில் இடம் இருக்கிறது, அதை இந்த வருஷமே முடிக்க வேண்டும். பெரியவர் தலையாட்டினார். ஸ்டெயின்லெஸ் ஆசை போய்விட்டதா என்பது அந்தத் தலையாட்டலில் தெரியவில்லை.

ஜூலை 21, திங்கள். ஊட்டி, இறக்கம்

மாமாவுக்கு ஜலதோஷம். இருந்தும் "ஊட்டி பாக்காம எறங்கறதா" என்று பிடிவாதம். சேரிங் கிராஸில் இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. குடைக்கு 250 கேட்டான் ஒருவன், அடுத்த கடையில் அதே குடை 180. பொட்டானிக்கல் கார்டன் போகிற யோசனையைக் கைவிட்டு ஒரு ஓட்டலில் உட்கார்ந்தோம். காளான் பிரியாணி 160, சோறு நிறைய, காளான் குறைவு. சர்வர் மட்டும் தங்கமான மனுஷன். மாமா இருமுவதைப் பார்த்து கேட்காமலேயே மிளகு ரசம் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார், பில்லில் போடவில்லை.

மழை விடுகிற மாதிரி இல்லை. நான் போனில் மாமாவுக்கு ஒரு ஸ்டெயின்லெஸ் லூகரைக் காட்டினேன். லூகர் தெரியாதவர் யார்? சாய்ந்த பிடி, மேலே முழங்கை மாதிரி மடங்கி எழும்பும் டாகிள். 1900-ல் சுவிஸ் ராணுவம் எடுத்தது, 1908-ல் ஜெர்மன் ராணுவம். 1990-களில் டெக்ஸாஸின் ஹூஸ்டனில் அதை முழுக்க ஸ்டெயின்லெஸ்ஸில் செய்தார்கள். அமெரிக்காவில் அந்தப் பெயருக்கே உரிமை வைத்திருந்த ஸ்டோகர் கம்பெனியின் பெயரிலும் அது விற்பனையானது.

"இதை எந்த சிப்பாய் வெச்சுக்குவான்? வெயில்ல அரை மைலுக்கு மின்னுமே" என்றார் மாமா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு. மினுமினுப்பைக் குறைக்க மணல் மாதிரிப் பொடி மணிகளை அடித்து மங்கலாக்குவார்கள் என்றேன். கறுப்பாக்கலாமே என்றார். அதுதான் ஆகாது, வழக்கமான ப்ளூயிங் உப்பு ஸ்டெயின்லெஸ்ஸில் ஏறாது, குரோமியம் விடாது.

லூகர் விஷயத்தில் நான் மாமா கட்சி. பழைய லூகரின் பாகங்களில் சின்னச் சின்ன எண்கள் அடித்திருக்கும், ஒன்றோடொன்று கையால் ராவிப் பொருத்தியவை என்பதால் வேறு பிஸ்டலின் பாகத்தை மாட்டினால் சரியாக உட்காராது. அந்தப் பொருத்தத்துக்குத்தான் அந்தத் துப்பாக்கிக்கு அவ்வளவு பெயர். அதைப் பளபளவென்று மறுபடி செய்வது கண்ணாடி அலமாரிக்கு. வியர்வையில் தூக்கிக்கொண்டு அலையப் போகிறவர் லூகர் வாங்க மாட்டார்.

இதற்கு மாறாக ரூகர் என்ற அமெரிக்கக் கம்பெனி செய்த வேலை எனக்குப் பிடிக்கும், அதில் என் தொழில் பெருமையும் கலந்திருக்கிறது. 1873 கோல்ட் ரிவால்வரின் உருவத்தை எடுத்து, 1993-ல் வகேரோ என்று கொண்டுவந்தார்கள், ஸ்டெயின்லெஸ்ஸிலும் உண்டு. ஃபிரேமை மெழுகு வார்ப்பில் வார்க்கிறார்கள், எங்கள் வால்வு பாடி மாதிரியே. உள்ளே பழைய தகட்டு ஸ்பிரிங்கைத் தூக்கிவிட்டு கம்பிச் சுருள் ஸ்பிரிங். கோல்ட் ரசிகர்கள் இதை கோல்ட் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒத்துக்கொள்ள வேண்டாம். உலோகம் மாறினால் உள்ளே இருப்பதையும் மாற்ற வேண்டும் என்று தெரிந்து செய்த ஆட்கள் அவர்கள்.

"அப்ப நான் கேட்டது சரிதானே? பார்ட்ஸ் சேராதுன்னா அது வேற துப்பாக்கி" என்றார் மாமா.

"வேற துப்பாக்கிதான் மாமா. நல்ல துப்பாக்கி."

"நல்லதுன்னு யாரு இல்லைன்னா?" என்று ரசத்தை முடித்தார்.

நாலு மணி பஸ் அரை மணி தாமதம். குன்னூர் தாண்டும்போது பெரியவர் போன். எந்த எண்ணெய் போடுவது, எவ்வளவு போடுவது என்று கேட்டார். மாமா ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு பஸ் முழுக்கக் கேட்கும்படி வகுப்பு எடுத்தார். பழைய காட்டன் துணியில் நாலு விரல் அகலத்துக்குத் துண்டு கிழிக்கணும், ராடில் சுற்றணும், குழலுக்குள் ஒரே பக்கமாகத் தள்ளணும், எண்ணெய் சொட்டக் கூடாது, விரல் ரேகை தெரிகிற அளவுக்கு மட்டும் போதும், மழைக்காலத்தில் வாரம் ஒரு தரம். தேங்காய் எண்ணெய் போடலாமா என்று பெரியவர் கேட்டார். மாமா "ஐயையோ" என்று கத்தியதில் டிரைவரே திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கத்திக்கு?" என்றார் பெரியவர்.

"அதுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாம்ங்க" என்றார் மாமா.